பக்கத்துக்கு ஒரு சிலுவை

கம்பைநல்லூர் மண்டியில் விடிந்தும் விடியாமலும் லாரி வந்து நின்றுவிட்டது. சவரிராயன் துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, முதல் புளி மூட்டைக்கு முதுகைக் கொடுத்த நேரத்தில் புஷ்பமேரி தெருக்கோடியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

“அண்ணா, மூட்டையக் கீழ வைங்க! காவேரிக்கு அம்மை போட்டிருச்சு!”

காவேரி பத்தாவது படித்த பெண். புஷ்பமேரியின் மகள் ராஜமேரிக்குப் பரீட்சை எழுதிக் கொடுப்பவள் அவள்தான். ராஜமேரிக்கு நாலு வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. பார்வையற்றோர் பள்ளியில் பன்னிரண்டு வருடம் புள்ளி எழுத்தைத் தடவித் தடவிப் படித்து, அதற்கு மேலும் விடாமல் பி.ஏ. வரலாறு வரை வந்துவிட்டாள். அவள் வாயால் சொல்ல வேண்டும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். கடைசி வருடத்தில் நாலு தாள் முடிந்துவிட்டது. ஐந்தாவது தாள் அன்றைக்குத்தான், தர்மபுரியில், பத்து மணிக்கு.

“பொண்ணு வேப்பிலையில படுத்துக் கெடக்குது. கொப்புளம் கையெல்லாம். நீங்கதாண்ணா வரணும்.”

“நானா? நான் எங்கம்மா பி.ஏ. எழுதறது?”

“நீங்க எழுத வேணாம், அவ சொல்லுவா. அவளவிடக் கம்மியாப் படிச்சவங்கதான் எழுதணுமாம். சொந்தமும் இருக்கக் கூடாதாம். தெருவுல வேற யாரு இருக்கறாங்க, சொல்லுங்க.”

அவள் சொன்னது உண்மைதான். தெருவில் படித்தவர்கள் எல்லாம் தேவைக்கு மேல் படித்துவிட்டு ஓசூருக்கும் சேலத்துக்கும் போயிருந்தார்கள். மற்றவர்கள் கைநாட்டு. மிச்சம் இரண்டு பேர் புஷ்பமேரிக்கு ரத்த சொந்தம். நடுவில் நின்றவன் சவரிராயன் ஒருவன்தான்.

அவன் எழுத்துப் படித்தது முப்பத்திரண்டு வயதில். மூட்டையில் எழுதியிருந்த பெயர் தெரியாமல் ஒரு வியாபாரியின் சரக்கை இன்னொருவன் லாரியில் ஏற்றிவிட்டு, மண்டியில் எல்லார் முன்னாலும் செருப்படி வாங்காத குறையாக நின்ற பிறகு, கோயிலுக்குப் பின்னால் மடத்து சிஸ்டர் நடத்திய மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தான். ஸ்லேட்டின் உச்சியில் முதலில் ஒரு சிலுவை, அப்புறம்தான் எழுத்து. அது சிஸ்டரின் சட்டம். மண்டியில் கூட மூட்டை தூக்கும் ஆண்டி மாதிரி ஆட்கள் பிள்ளையார் சுழி போட்டுக்கொண்டார்கள், சிஸ்டர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சாமி பெயரைச் சொல்லாமல் மட்டும் யாரும் எழுத்தைத் தொடக்கூடாது. இரண்டு வருடம் மூட்டை தூக்கிய கையோடு போய் உட்கார்ந்து எழுதினான். சிறு வயதில் படித்தவன் எழுத்து ஓடும்; இவன் எழுத்து நடக்கும். ஆனால் அச்சு மாதிரி இருக்கும். தெருவுக்கு மனு எழுதுவது, ரேஷன் கடைக்குச் சீட்டு எழுதுவது, கோயில் பலகையில் பூசை நேரம் எழுதுவது எல்லாம் இப்போது அவன்தான்.

லாரிக்குப் பின்னாலிருந்து ஆண்டி எட்டிப் பார்த்தான். “டேய், லோடுமேன் பி.ஏ. எழுதப் போறான்டா! போடா போ. ஒம் மூட்டையும் சேத்து நான் தூக்கறேன். பாஸானா எனக்கும் பாதி டிகிரி குடுக்கணும், ஆமா.”

சவரிராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

பஸ்ஸில் ராஜமேரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஹால் டிக்கெட் வைத்த பிளாஸ்டிக் பை. அதை விரல்களால் தடவிக்கொண்டே வந்தாள். புஷ்பமேரியை அவன் தங்கை முறையாகப் பழகியதால் இவளுக்கு அவன் மாமா.

“மாமா, ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. நான் சொல்றத மட்டும் எழுதணும். தப்பாச் சொன்னாத் தப்பாவே எழுதுங்க. நான் சொல்லாதது ஒரு புள்ளி கூட வரக்கூடாது.”

“எனக்கு என்னா தெரியும்னு சேக்கப் போறன்?”

“இல்ல, சொல்லி வெக்கறேன். சில பேரு பாவம் பாத்து நாலு வார்த்தை சேத்து எழுதிப்புடுவாங்களாம். அப்புறம் ரெண்டு பேரையும் புடிச்சுக்குவாங்க.” பையை மடியில் சரிசெய்துகொண்டு மறுபடி சொன்னாள். “இந்தத் தாளு ஒண்ணுதான் மாமா. நான் படிச்ச ஸ்கூல்லயே டீச்சர் வேலை இருக்குது. டிகிரி கையில வந்ததும் சேத்துக்கறம்னு செப்டம்பர் வரைக்கும் புடிச்சு வச்சிருக்கறாங்க. இது போச்சுன்னா எங்கம்மா கூட உக்காந்து புளிதான் தட்டணும்.”

புளியங்கொட்டையைச் சுத்தியலால் தட்டி எடுக்கும் வேலை அந்தத் தெருப் பெண்களுக்கு வருடம் நாலு மாதம். கண் தெரிந்தவர்களுக்கே விரல் நசுங்கும். சவரிராயன் அவளுடைய விரல்களைப் பார்த்தான். புள்ளிகளைத் தடவித் தடவி நுனி மெருகேறியிருந்தது. அப்புறம் தன் விரல்களைப் பார்த்துக் கையை மடியில் மடக்கி வைத்துக்கொண்டான்.

கல்லூரியில் தலைமைக் கண்காணிப்பாளர் அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். சட்டையில் புளிக்கறை இருந்தது.

“என்ன படிச்சிருக்கே?”

“மாலை வகுப்புங்க. பள்ளிக்கூடம் போனதில்லீங்க.”

“பள்ளிக்கூடமே போனதில்லையா?” அவர் குமாஸ்தா பக்கம் திரும்பிச் சிரித்தார். “எழுதறவனுக்குப் படிப்பு கம்மியா இருக்கணும்னு ரூல். இதுக்கு மேல கம்மி கிடைக்காதுய்யா.” பிறகு முகத்தைச் சுருக்கினார். “மாமான்னு கூப்பிடுறாளே, சொந்தமா?”

“ஊருல பொறந்தவங்க எல்லாருமே மாமன், சித்தப்பந்தானுங்க சார்,” என்றாள் ராஜமேரி. “ரத்த சொந்தம் இல்லீங்க.”

படிவத்தில் சவரிராயன் கையெழுத்துப் போட்டான். அவ்வளவு பெரிய அறையில் அவ்வளவு பேர் பார்க்கக் கையெழுத்துப் போடுவது அதுதான் முதல் தடவை.

மற்ற மாணவர்கள் பெரிய ஹாலில். இவர்கள் வாய்விட்டுப் பேச வேண்டும் என்பதால் தனி அறை. தனி அறை என்றால் விளையாட்டுச் சாமான் போட்டு வைக்கும் அறை. மூலையில் ஈட்டிகள், காற்றுப் போன பந்துகள், சுண்ணாம்பு மூட்டை ஒன்று. ஒரே ஜன்னல். மாயவன் சார் என்று ஒருவர் மேற்பார்வைக்கு வந்து, நாற்காலியைக் காற்று வரும் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த வாரப் பத்திரிகையைப் பிரித்தார். பெரிய ஹாலில் ஒருவர் என்னவோ சத்தமாக வாசிப்பது இங்கே வரைக்கும் கேட்டது.

“அங்க என்னாங்க சார் படிக்கறாங்க?” என்றான் சவரிராயன்.

“விதிமுறை. எல்லாம் எப்பவும் உள்ளதுதான். நீ பேப்பரைப் பிரி, நேரமாவுது. உங்களுக்கு அரை மணி நேரம் அதிகம் உண்டு.”

விடைத்தாளின் அட்டையில் பொடி எழுத்தில் பத்துப் பன்னிரண்டு வரி இங்கிலீஷில் இருந்தது. சவரிராயனுக்கு இங்கிலீஷ் தெரியாது. அட்டையைத் திருப்பினான். முதல் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. பேனாவைத் திறந்தான். உச்சியில், நட்ட நடுவில், ஒரு சிலுவை போட்டான். போட்டோம் என்று அவனுக்கே தெரியாது. மூட்டைக்குக் குனிகிறவன் மூச்சை அடக்குவது மாதிரி அது தானாக நடந்தது.

“கேள்வியப் படிங்க மாமா.”

“இந்திய… அரசிய… லமைப்பின்… முகப்புரை…”

“முகவுரையா இருக்கும். பரவாயில்ல, மேல படிங்க.”

“முகவுரைதாம்மா. கண்ணு தட்டிப்போச்சு.”

எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி எல்லாக் கேள்வியும் படித்து முடிக்கவே இருபது நிமிடம் ஆயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். தோட்டத்தில் மடை பிரித்து விடுகிற மாதிரி, இவன் கை எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் விட்டாள். பேனா நின்ற சத்தம் கேட்டால்தான் அடுத்த வார்த்தை. காவேரி என்றால் கடகடவென்று சொல்லியிருப்பாள். இவனுக்காகப் பெரிய பதில்களைச் சின்னதாக்குகிறாள் என்று சவரிராயனுக்குப் புரிந்தது. புரிந்ததும் இன்னும் வேகமாக எழுதப் பார்த்தான். நூறு கிலோ மூட்டைக்கு வலிக்காத கை இரண்டு மணி நேரத்தில் மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் பிடித்துக்கொண்டது. வேர்வை தாளில் விழாமல் இருக்கத் துண்டை முழங்கைக்கு அடியில் போட்டுக்கொண்டான்.

“மாமா, கை வலிக்குதா?”

“பேசாத. சொல்லு.”

கூடுதல் தாள் கேட்டபோதெல்லாம் மாயவன் சார் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் ஒரு சிலுவை. கடைசி மணி அடித்தபோது இருபது பக்கம். வெள்ளை நூலில் தாள்களைச் சேர்த்துக் கட்டினான். மூட்டை வாய்க்குப் போடும் முடிச்சு. இழுத்தால் இறுகுமே தவிர அவிழாது.

வெளியே வந்ததும் ராஜமேரி அவன் கையைத் தேடிப் பிடித்தாள். “எல்லாக் கேள்வியும் எழுதிட்டோம் மாமா. காவேரி கூட இருந்தாக்கூட ஒண்ணு ரெண்டு விடுவோம்.” அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. தேர் இழுத்து நிலை சேர்த்தவன் போல அவனும் நெஞ்சு நிமிர்த்தி நடந்தான்.

அந்த நடை பஸ் ஏறும் வரைக்கும்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம். ராஜமேரிக்கு முன்னால் இடம் கிடைத்தது. இவன் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றான். பக்கத்தில் இரண்டு மாணவர்கள்.

“இண்டூர்க்காரனப் பாத்தியா? முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி போட்டுட்டான். பேப்பர் வாங்கறப்ப சார் பாத்துட்டாரு. அழுதுட்டான் பையன்.”

“அட்டையிலயே போட்டிருக்குது, சாமி குறி, பேரு, அடையாளம் எதுவும் போடக்கூடாதுன்னு. காலையில வாசிக்கவும் வாசிச்சாங்க. தூங்கினானா?”

“திருத்தறவருக்கு யாரு பேப்பர்னு காட்டற மாதிரி ஆயிடுமாம்டா. மால்பிராக்டிஸ். பேப்பரே செல்லாது.”

சவரிராயனுக்குக் கம்பி கையில் வழுக்கியது. கேட்கலாமா என்று வாயைத் திறந்தான். “தம்பி, சிலுவை போட்டா?” என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும். கேட்கவில்லை. முன்னால் ராஜமேரியின் பின்னந்தலை பஸ் குலுங்கக் குலுங்க ஆடிக்கொண்டிருந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்த பெண்ணின் தலை.

இறங்கும்போது அவள் சொன்னாள், “மாமா, ஏன் ஒண்ணுமே பேசல? கை ரொம்ப வலியா?”

“ஆமாம்மா. கைதான்.”

இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வேலையை விட்டுவிட்டு யாருக்கும் சொல்லாமல் கல்லூரிக்குப் போனான். குமாஸ்தா அவனை அடையாளம் கண்டுகொண்டார். அவன் சொன்னதைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்.

“எத்தனை பக்கத்துல?”

“எல்லாத்துலயுங்க. இருபது.”

“அடப்பாவி.” குரலைத் தாழ்த்தினார். “பேப்பர்க் கட்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேந்துடுச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாது. நீ எழுதிக் குடுத்தா நான் மேல அனுப்பியே ஆகணும், அப்ப நிச்சயமா மாட்டும். பேசாம இரு. திருத்தறவர் கண்டுக்காம விட்டாலும் விடுவார். யாருகிட்டயும் மூச்சு விடாதே. அந்தப் பொண்ணுகிட்டயும்.”

குமாஸ்தா கெட்ட மனுஷர் இல்லை. நல்லதுக்குத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து சவரிராயன் சிலுவை போடுவதை விட்டான். விடுவது லேசாக இல்லை. ரேஷன் சீட்டு எழுத உட்கார்ந்தால் பேனா தானாக உச்சிக்குப் போகும். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வான். இரண்டு தடவை பாதி போட்டுவிட்டுத் தாளைக் கிழித்தான். கடலை மடித்து வந்த பழைய காகிதங்களில் சும்மாவே எழுதிப் பழகினான், மேலே ஒன்றும் போடாமல், நேராக முதல் எழுத்திலிருந்து. சிஸ்டர் சொல்லிக் கொடுத்ததை மறக்க, கற்றுக்கொண்ட அளவுக்குப் பாடுபட வேண்டியிருந்தது. ஜூலை வருவதற்குள் கை அடங்கிவிட்டது. இதை யாருக்கும் அவன் சொல்லவில்லை. சொல்லிப் பெருமைப்பட அதில் என்ன இருக்கிறது.

ஜூலையில் முடிவு வந்தது. பேப்பரில் ராஜமேரியின் எண் இல்லை. கல்லூரிக்குப் போய்க் கேட்டதற்கு, ஒரு தாள் மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்றார்கள். புஷ்பமேரி அழுதுகொண்டே மண்டிக்கு வந்து சொன்னாள். சவரிராயன் அன்று மாலை அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றான்.

“ராஜமேரி, நான்தாம்மா.”

“வாங்க மாமா. எதுக்கு நிறுத்தி வச்சிருக்காங்கன்னு ஒண்ணும் புரியல.”

“எனக்குப் புரியுது.”

சொன்னான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பஸ்ஸில் கேட்டதையும், குமாஸ்தா சொன்னதையும் விடவில்லை. அவள் அசையாமல் கேட்டாள். புஷ்பமேரிதான் வாயில் அடித்துக்கொண்டாள்.

“ஏப்ரல்லயே தெரியுமா உங்களுக்கு?” என்றாள் ராஜமேரி.

“தெரியும்.”

“நான் சொல்லாதது ஒரு புள்ளி கூட வரக்கூடாதுன்னு சொன்னேனே மாமா.”

சவரிராயன் வாசல்படியில் உட்கார்ந்தான். அவளே தொடர்ந்தாள். “சரி. வேணும்னு போடலைல்ல. பழக்கம்தான? நீங்க எழுதிக் குடுத்த ரேஷன் சீட்டுல கூடச் சிலுவை இருக்கும்னு அம்மா சொல்லிச் சிரிக்கும். அதைச் சொல்லுவோம். மனுஷங்கதான, கேட்டுக்குவாங்க.”

ஆகஸ்ட் கடைசியில் விசாரணை. பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் வந்து அதே கல்லூரியில் உட்கார்ந்தார்கள். முதலில் ராஜமேரியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். சவரிராயன் வராந்தாவில் நின்றான். ஆண்டி கொடுத்தனுப்பிய வெள்ளைச் சட்டை அவனுக்குத் தோளில் பிடித்தது. அந்த இண்டூர்ப் பையனும் அங்கே இருந்தான், அப்பாவோடு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கால் மணி நேரம் கழித்து இவனைக் கூப்பிட்டார்கள். ராஜமேரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது. தனக்குத் தைரியம் சொல்கிறாள் என்று சவரிராயன் நினைத்துக்கொண்டான்.

நடுவில் இருந்த அதிகாரி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவன் பக்கம் தள்ளினார். “உட்காரப்பா. நான் சொல்றதை எழுது. எப்பவும் எப்படி எழுதுவியோ அப்படி எழுது.”

“எதுக்குங்க?”

“கேள்வி வேண்டாம். எழுது.”

அறையே அவன் கையைப் பார்த்தது. சவரிராயன் பேனாவைத் திறந்தான். ஒரு நொடி கை மேலே போகத் துடித்தது. விடுவானா? நாலு மாதப் பாடு. இந்த இடத்தில் மட்டும் தவறவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, நேராக முதல் வரியில் பேனாவை வைத்தான். அதிகாரி ஏதோ மழையைப் பற்றி, விவசாயத்தைப் பற்றி எட்டுப் பத்து வரி சொன்னார். அவன் எழுதினான். அவன் எழுதியதிலேயே அழகான பக்கம் அதுதான். ஒரு அடித்தல் இல்லை, ஒரு குறி இல்லை. தாளைத் திருப்பி மரியாதையாக அவர் பக்கம் நகர்த்தினான்.

மூன்று பேரும் தாளைப் பார்த்தார்கள். அந்த அம்மா மட்டும் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“எங்கேம்மா இருக்கு?” என்றார் அதிகாரி, ராஜமேரியிடம்.

“மேல பாருங்க சார். உச்சியில போட்டிருப்பாரு.”

“மேலயும் இல்ல, கீழயும் இல்ல.”

அவள் முகம் சவரிராயன் இருந்த பக்கம் திரும்பியது. கண் தெரியாதவள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. ஆனாலும் பார்த்தாள்.

“மாமா? போடலையா?”

அதிகாரிதான் விளக்கினார். கோபமாகக் கூட இல்லை. “இவரால சிலுவை போடாம ஒரு பக்கம் எழுத முடியாது, அது பழக்கம், ஒரு தாளைக் குடுத்துப் பாருங்கன்னு இந்தப் பொண்ணுதான் கேட்டுச்சு. சரின்னு ஒத்துக்கிட்டோம். போட்டிருந்தா, தெரியாம நடந்ததுன்னு எழுதி முடிச்சிருப்போம். நீ போடலை. அப்ப இது பழக்கம் இல்ல. பரீட்சைக்குன்னு போட்டது. யாருக்குக் காட்ட இருபது பக்கத்துலயும் போட்டே?”

சவரிராயன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். “விட்டுட்டனுங்க… அன்னைலேர்ந்து விட்டுட்டனுங்க சாமி. பயத்துல. அந்தத் தாளைக் குடுங்க, இப்பப் போடறேன்…”

கையை நீட்டினான். அதிகாரி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“வூட்டுல பழைய சீட்டு இருக்குதுங்க. ரேஷன் கடையில கேளுங்க. எல்லாத்துலயும் இருக்கும்.”

“அதை எப்ப வேணா எழுதிக் கொண்டு வரலாமேப்பா.”

“சொல்றவங்க கை, எழுதறவங்க கை ரெண்டும் ஒண்ணுதான் எங்களுக்கு,” என்றார் இன்னொருவர், பேனாவை மூடிக்கொண்டே. “நீ போடறது அவங்க போட்ட மாதிரி.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். பாதி வழி வந்ததும் ராஜமேரி கேட்டாள்.

“எப்ப விட்டீங்க மாமா?”

“ஏப்ரல்லயே.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

அவ்வளவுதான் அவள் சொன்னது. ஒரு அடி அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

செப்டம்பரில் அந்த டீச்சர் வேலையை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். பள்ளியிலிருந்து புள்ளி எழுத்தில் வந்த கடிதத்தை ராஜமேரி தானே தடவிப் படித்து, மடித்து, பெட்டியில் வைத்தாள். பல்கலைக்கழகத்தின் உத்தரவு மட்டும் வரவே இல்லை. தை போய் மாசி பிறந்து, புளி உலுக்கி, தெரு முழுக்கப் பாய் விரித்துக் கொட்டை தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் வந்தது.

சவரிராயன் அன்று அவர்கள் வீட்டுக்குத் தட்டிய புளியை மூட்டை பிடித்துப் போக வந்திருந்தான். ராஜமேரி பாயில் உட்கார்ந்து சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். இடது கை விரல் மூன்றில் துணி சுற்றியிருந்தது. புஷ்பமேரி தபாலை நீட்டினாள். “தமிழ்ல இருக்குதாம்ணா. காவேரியக் கூப்புடலாம்னா அவ கல்யாணமாகி மொரப்பூரு போயிட்டா.”

“மாமாவே படிக்கட்டும்மா,” என்றாள் ராஜமேரி. சுத்தியலை நிறுத்தினாள்.

அவன் படித்தான். பரீட்சைக் கேள்வி படித்த மாதிரியே, எழுத்துக் கூட்டி.

“மேற்… படி… தேர்வரின்… ஐந்தாம் தாள்… ரத்து… செய்யப்… படுகிறது. அடுத்து வரும்… இரண்டு… பருவத் தேர்வுகள்… எழுதத்… தடை…”

“மேல படிங்க.”

“எழுதுபவராகச்… செயல்பட்ட… திரு சவரிராயன்… இனி எந்தத் தேர்விலும்… எழுதுபவராக… அனுமதிக்கப்… பட மாட்டார்.” தன் பெயர் அச்சில் வந்திருப்பதை அவன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

ராஜமேரி மடியில் விழுந்திருந்த புளி ஓட்டைத் தட்டிவிட்டாள். பிறகு, “தாளோட உச்சியில என்னா இருக்குது?” என்றாள்.

“உச்சியிலயா? முத்திரை. வட்டமா, நடுவுல ஒரு விளக்கு.”

“ஓ. அவங்க போடலாம்.”

சொல்லிவிட்டு அடுத்த புளியை எடுத்தாள். ஒரு விரலால் கொட்டை இருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்து, விரலை விலக்கி, தட்டினாள். இன்னும் இரண்டு பருவம் என்றால் வருடம் முழுதும் போகும். அதற்கப்புறம் யார் எழுதுவது என்று அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

சவரிராயன் உத்தரவை நாலாக மடித்து ஜன்னல் மாடத்தில் வைத்தான். கை சும்மா தொங்கியது. ஆறு மாதமாகிறது, அந்தக் கை ஒரு எழுத்தும் எழுதவில்லை. விசாரணையிலிருந்து வந்ததிலிருந்து மனு கேட்டு வந்தவர்களையெல்லாம் கண் சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான்.

“மாமா,” என்றாள் ராஜமேரி, தட்டுவதை நிறுத்தாமல். “மூட்டைய எடுத்துட்டுப் போங்க. மண்டி சாத்திருவாங்க.”

அவன் மூட்டையின் வாயைக் கட்டினான். அதே முடிச்சு. குனிந்து, மூச்சை அடக்கி, முதுகில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினான். பின்னால் அந்தச் சுத்தியல் சத்தம் ஒரு தடவை தப்பியது. சவரிராயன் நின்றான். மறுபடி தட்டும் சத்தம் வந்த பிறகுதான் நடந்தான்.